உப்பில்லாப் பண்டம்

சேலையூரில் நமக்கு வெகுகாலமாக வேண்டிய நண்பர் ஒருவர் இருக்கிறார். 34 வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர். ஒரு கோடைக்காலத்து மத்தியானம் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று வீட்டு அம்மாள் பிடிவாதம் செய்தார். கூடத்தில் இலை போட்டார்கள். நமக்குச் சாம்பார், ரஸம், கூட்டு, அப்பளம், வடுமாங்காய் எல்லாம் கிரமமாக வந்தன. நண்பர் மாத்திரம் சற்றுத் தள்ளிச் சுவரோரமாக, ஒரு கிண்ணத்தில் உப்பில்லாத கஞ்சியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்துத் தட்டில் வேகவைத்த புடலங்காய்த் துண்டுகள் நாலைந்து வெளுத்துக் கிடந்தன. அவற்றை அவர் தொடவே இல்லை.

"பசிக்கவில்லையா?" என்று கேட்டோம்.

"பசி போய் மூன்று மாதம் ஆகிறது. நாக்கு மாத்திரம் இன்னும் உயிரோடு இருக்கிறது, அதுதான் தொந்தரவு" என்றார்.

சிறுநீரகம் பழுதுபட்டிருக்கிறது என்று வைத்தியர் சொன்ன நாள் முதல் அந்த வீட்டில் நடந்துவரும் பத்தியம் அது. மூன்று மாதத்தில் 9 கிலோ எடை குறைந்துவிட்டதாம். சமையலறைச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. 'கூடாது' என்ற தலைப்பின் கீழ் பருப்பு, பால், தயிர், முட்டை, தேங்காய், புளி, பழம் என்று 40-க்கு மேற்பட்ட பதார்த்தங்கள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. 'கூடும்' என்ற தலைப்பின் கீழ் மூன்றே மூன்று. இவ்வளவும் வைத்தியர் சொன்னவைதானா என்று விசாரித்தோம். அவர் சொன்னது என்னவோ, உப்பைக் குறையுங்கள், வலிக்கு மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள், மாதம் ஒரு முறை ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வாருங்கள் என்ற மூன்று வார்த்தைதான். மற்ற யாவும் பந்து மித்திரர்களும், கைப்பேசியில் வந்து விழும் அநாமதேய வைத்தியர்களும் உபகரித்தவை!

இதிலே ஒரு வேடிக்கை, அல்லது விபரீதம் என்றே சொல்லலாம். அவ்வளவு நீண்ட ஜாபிதாவில் இளநீரைக் காணோம். இளநீர் குளிர்ச்சி, சிறுநீரகத்துக்கு அமிருதம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஆகவே நண்பர் கஞ்சியைக் குடித்துவிட்டு, தினந்தோறும் சாயங்காலம் ஜி.எஸ்.டி. சாலையோரத்தில் இரண்டு இளநீர் அருந்திக்கொண்டிருந்தார். நாம் போய்வந்த பத்தாவது நாள், வண்டிக்காரனிடம் காசு கொடுத்துவிட்டுத் திரும்பியவருக்குக் கால்கள் இரண்டும் துவண்டுவிட்டன. நாடி மெதுவாகிக்கொண்டே போயிற்று. உடனே ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் சென்றதால் பிழைத்தார். ரத்தத்தில் பொட்டாசியம் என்னும் உப்புச்சத்து அளவு கடந்து, இருதயத்தை நிறுத்திவிடும் நிலைக்கு வந்திருந்ததாம்.

ஓர் இளநீரில் அரைக் கிராமுக்கு மேல், பெரிய காயாயின் இன்னும் அதிகமாக, பொட்டாசியம் இருக்கிறது. நல்ல சிறுநீரகம் படைத்தவனுக்கு அது வெறும் தாக சாந்தி. பழுதுபட்ட சிறுநீரகத்துக்கோ சுமக்க முடியாத மூட்டை. பாவம், அந்த மனிதர் அஞ்ச வேண்டாதவற்றுக்கெல்லாம் அஞ்சி மெலிந்து, அஞ்ச வேண்டிய ஒன்றை ஆசையோடு அருந்தியிருக்கிறார்.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், மேடவாக்கம், வேளச்சேரி என்று சென்னையின் தென்புறத்தில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் நீரிழிவுக்காரர்களும் ரத்தக் கொதிப்புக்காரர்களும் தென்படுகிறார்கள். சிறுநீரக வியாதிக்கு முதன்மையான காரணங்கள் இவ்விரண்டுமே. உலகமெங்கும் சுமார் 85 கோடிப் பேருக்கு ஏதேனும் ஒரு வகைச் சிறுநீரகக் கோளாறு இருப்பதாக அத்துறை நிபுணர்கள் 2018-ல் கணக்கிட்டார்கள். ஆகவே இது ஒரு சேலையூர் வீட்டு விஷயம் அன்று.

பாட்டிமார்கள் குண்டிக்காய் என்று வழங்கிய இவ்வுறுப்பு இடுப்புக்குச் சற்று மேலே முதுகுப்புறமாகப் பக்கத்துக்கு ஒன்றாக அமைந்திருக்கிறது. ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள். இவை நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடித்து, வேண்டியதை மறுபடி உள்ளே வாங்கிக்கொண்டு, ஒன்றரை லிட்டர் அளவைக் கழிவாக வெளியேற்றுகின்றன. நாம் எதைத் தின்றாலும், மிஞ்சிய உப்பையும் நீரையும் புரதத்தின் குப்பையையும் அப்புறப்படுத்துவது இவற்றின் உத்தியோகம். உத்தியோகஸ்தர் பாதிப் பேர் ஓய்வு பெற்றுவிட்டால் காரியாலயத்துக்கு வரும் கடுதாசியைக் குறைக்க வேண்டியதுதானே? சிறுநீரகப் பத்தியத்தின் தத்துவம் இவ்வளவே. ஆனால் எந்தக் கடுதாசியை, எவ்வளவு குறைப்பது என்பதை ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். ஆரம்ப நிலையில் இருப்பவர் பலருக்கு உப்பைக் குறைத்துச் சர்க்கரையையும் ரத்தக் கொதிப்பையும் கட்டுக்குள் வைப்பதே பிரதான காரியம். பழத்தையும் பருப்பையும் கண்டு அவர்கள் ஓடவேண்டியதில்லை.

தாம்பரத்துக்கும் ஆகாரத்துக்கும் பழைய சம்பந்தம் ஒன்று உண்டு. 1928-ல் டாக்டர் சவுரி முத்து இங்கே காசநோயாளிகளுக்கென்று ஸானடோரியம் ஸ்தாபித்தார். ரயில்வே ஸ்டேஷனுக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. காசநோயைக் கொல்லும் மருந்து அக்காலத்தில் கிடையாது. நல்ல காற்று, ஓய்வு, புஷ்டியான ஆகாரம் இம்மூன்றையும் கொண்டே உலகமெங்கும் ஸானடோரியங்களில் சிகிச்சை நடந்தது. நோயாளி உண்ணுகிறானா, எடை ஏறுகிறதா என்பதே வைத்தியரின் கவலை. சிறுநீரக வியாதிக்காரருக்கும் அதே கவலை வேண்டும் என்று சொன்னால் பலர் நம்பமாட்டார்கள். ஆயினும் உண்மை அதுவே. போதிய ஆகாரமின்றி மெலிந்த உடல், தசையைக் கரைத்துத் தன்னைத்தானே தின்னத் தொடங்குகிறது. அந்தக் குப்பையையும் அதே நொந்த சிறுநீரகந்தான் சுமக்க வேண்டும்.

உப்பைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும். வண்டலூரிலிருந்து கிழக்கே போனால் கேளம்பாக்கம் வருகிறது. கோவளத்து உப்பங்கழியை ஒட்டிய இப்பிரதேசம் நெடுங்காலமாக உப்பளங்களுக்குப் பெயர் போனது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்ற பழமொழியை வைத்துக்கொண்டு வாழும் ஜாதி நாம். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்ன ஜாதி. 1930-ல் ராஜாஜியின் பின்னே திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்துபோய் உப்பு அள்ளிச் சிறை புகுந்தவர்களும் நம்மவர்களே. அப்பேர்ப்பட்ட உப்பைக் குறை என்றால் மனம் எப்படிக் கேட்கும்?

ஆனால் அந்த யுத்தத்துக்குத் தலைமை வகித்த காந்தி மகான் அதற்கு வெகுகாலம் முன்பே தம் வீட்டில் உப்பை விட்டவர் என்பது பலருக்கு நினைவிராது. தென்னாப்பிரிக்காவில் கஸ்தூரிபா அம்மையார் நோயுற்றிருந்தபோது, உப்பையும் பருப்பையும் விட்டுவிடும்படி அவர் வற்புறுத்தினார். உங்களை விடச் சொன்னால் நீங்களும் விடமாட்டீர்கள் என்று அம்மையார் சுடச்சுடப் பதில் கொடுத்தார். அந்த க்ஷணமே காந்தி தாம் ஒரு வருஷத்துக்கு இரண்டையும் விட்டதாகச் சொல்லிவிட்டார். பிறகு அம்மையாரும் விட்டார். சுயசரிதையில் இதை வீட்டுக்குள் நடந்த சத்தியாக்கிரகம் என்றே அவர் வர்ணிக்கிறார். அந்த நோய் வேறு. பருப்பை விடுவதும் எல்லாருக்கும் பொருந்துவதன்று. நாம் கவனிக்க விரும்புவது ஒன்றே. நோயாளியைச் சுவரோரம் உட்கார்த்தி வைத்துவிட்டு மற்றவர்கள் வடுமாங்காய் கடிப்பதாக அவர் ஏற்பாடு செய்யவில்லை.

உலக சுகாதார ஸ்தாபனம், திடகாத்திரமான மனிதனுக்கே நாளொன்றுக்கு 5 கிராமுக்கு உட்பட்ட உப்புப் போதும் என்கிறது. அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி. நம் நாட்டார் உண்பது இதைவிட வெகு அதிகம். ஆகையால் நோயாளிக்காகச் சமையலறையில் உப்பைக் குறைத்தால் வீடு முழுவதற்கும் லாபமே தவிர நஷ்டமில்லை. உப்புச் சாடியைக் காட்டிலும் மறைந்திருக்கும் உப்பே பெரிய சத்துரு. ஊறுகாய், அப்பளம், வடாம், மோர் மிளகாய், கருவாடு, இட்டிலிக்குத் தொட்டுக்கொள்ளும் மிளகாய்ப் பொடி, கடையில் பொட்டலமாக விற்கும் மிக்ஸர், இரண்டு நிமிஷத்தில் வெந்துவிடும் என்ற ஸேமியா வகையறா! அப்பளத்தில் உப்போடு காரமும் சேர்ந்திருக்கிறது; அதுவும் சோடியமே.

இந்துப்புக்கு மாறிவிட்டோம் என்று சிலர் பெருமையாகச் சொல்லுகிறார்கள். நிறம் இளஞ்சிவப்பாக இருக்கலாம். விலையும் அதிகமாக இருக்கலாம். உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடு. 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பது இன்னும் ஆபத்து. சோடியத்துக்குப் பதிலாக அதில் கலந்திருப்பது பொட்டாசியம். நம் நண்பரை இளநீர் என்ன செய்ததோ அதையே இதுவும் செய்யும். இத்தகைய உப்பைப் பற்றி 2025 ஜனவரியில் வெளியிட்ட யோசனையில் உலக சுகாதார ஸ்தாபனம் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களைத் தெளிவாக விலக்கியே பேசியிருக்கிறது.

அப்படியானால் ருசிக்கு என்ன செய்வது? இங்கேதான் தமிழ்நாட்டுக் கிருகிணியின் சாமர்த்தியம் உதவுகிறது. எலுமிச்சம் பழம் பிழிந்த புளிப்பு, மிளகு சீரகம் வறுத்துப் பொடித்த மணம், இஞ்சி, பூண்டு, பெருங்காயம், கடைசியில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டும் சத்தம் இவை யாவும் உப்பின் குறையை நாக்குக்குத் தெரியாமல் மறைக்கும். சமைக்கும்போது உப்பைப் போடாமல், பரிமாறும்போது மேலே சிறிது தூவினால் குறைந்த உப்பே நாக்கில் முன்னே நின்று பேசும். சில வாரங்கள் பொறுத்தால் நாக்கும் பழகிவிடுகிறது.

அரிசியைப் பற்றி இக்காலத்தில் நல்ல வார்த்தை சொல்வார் இல்லை. எல்லாரும் கேழ்வரகையும் கம்பையும் கொண்டாடுகிறார்கள். பொதுவில் அது சரியே. ஆயினும் சிறுநீரகம் வெகுவாகப் பழுதுபட்டு, பொட்டாசியமும் பாஸ்பரஸும் ஏறிவிட்டவருக்குத் தீட்டிய அரிசிச் சோறே உத்தமம். அவ்விரண்டும் அதில் குறைவு. அதிலும் குக்கரில் வைக்காமல், நிறைய நீர் விட்டுக் கொதிக்கவைத்துக் கஞ்சி வடித்த சோறு இன்னும் விசேஷம். நீரிழிவு உள்ளவர் மாத்திரம் அளவு பார்த்துக்கொள்ள வேண்டும்.

அரிசியை மருந்தாகவே கொடுத்த வைத்தியர் ஒருவர் இருந்தார். ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா சென்று டியூக் சர்வகலாசாலையில் பணிபுரிந்த வால்ட்டர் கெம்ப்னர் அவர். கடும் ரத்தக் கொதிப்பாலும் சிறுநீரக வியாதியாலும் கைவிடப்பட்டவர்களுக்கு 1939 முதல் சோறு, பழம், பழரசம், சர்க்கரை இவற்றை மாத்திரம் கொடுத்துவந்தார். உப்பு அறவே கிடையாது. இரண்டு வாரம் இப்படிச் சாப்பிட்டுவிட்டு வரும்படி ஒரு குடியானவப் பெண்ணிடம் 1942-ல் சொன்னாராம். அவருடைய ஜெர்மன் உச்சரிப்பு விளங்காமல் அவள் இரண்டு மாதம் சாப்பிட்டுவிட்டு, ஆளே மாறினாற்போல் தேறி வந்து நின்றாளாம்! ரத்தக் கொதிப்புக்குச் சரியான மருந்தில்லாத காலத்து வைத்தியம் அது. இன்று அதை அப்படியே பின்பற்றுவார் இல்லை, பின்பற்றவும் கூடாது. ஆனால் உப்பைக் குறைத்தால் உடம்பு எவ்வளவு தூரம் கேட்கும் என்பதை அது உலகத்துக்குக் காட்டிற்று.

இனிக் காய்கறிக்கு வருவோம். மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் பை எடுத்துக்கொண்டு நடந்தால், பொட்டாசியத்துக்கு அஞ்சுகிறவர்களுக்கும் தாராளமாக வாங்க இடமிருக்கிறது. சுரைக்காய், பீர்க்கங்காய், புடலங்காய், வெண்பூசணி, சௌசௌ, முட்டைக்கோஸ் இவை சாதுக்கள். சேனை, உருளைக்கிழங்கு, கீரை வகைகள், முருங்கைக்காய் இவை சற்று முரட்டுப் பேர்வழிகள். முரடர்களையும் அடக்க வழியுண்டு. சிறு துண்டுகளாக நறுக்கி, மூழ்குமளவுக்கு மேல் தண்ணீரில் கொதிக்கவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் பிறகு தாளித்தால் பொட்டாசியத்தில் பெரும்பங்கு நீரோடு போய்விடும். வெறுமனே ஊறவைத்தால் மாத்திரம் போதாது. காய் வெந்த நீரில் சத்து இருக்கிறது என்று அதிலேயே ரஸம் வைப்பது நம் வீட்டு வழக்கம். இங்கே அந்தச் சிக்கனம் உதவாது. பழத்தில் ஆப்பிள், அன்னாசி, அளவாகப் பப்பாளி இவை ஏற்கும். வாழையும் கொய்யாவும் யோசித்துத்தான். நட்சத்திரப் பழம் என்றும் தமரத்தம் பழம் என்றும் சொல்லுகிற ஐந்து மூலைப் பழத்தை மாத்திரம் சிறுநீரக வியாதிக்காரர் வாயில் வைக்கவே கூடாது. அதிலுள்ள விஷத்தைக் கெட்டுப்போன சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாமல், ஓயாத விக்கலும் சித்தப்பிரமையும் வலிப்பும் கண்டு மாண்டவர்கள் உண்டு.

பருப்பு, பால், முட்டை விஷயத்தில்தான் நம் குடும்பங்கள் பெரும் தவறு செய்கின்றன. டயாலிஸிஸ் ஆரம்பிக்காத நிலையில் புரதத்தை மட்டுப்படுத்துவது நியாயம். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 48 கிராம் அளவில் போதும் என்பது இப்போதைய பொதுவான கணக்கு. சிலருக்கு வைத்தியர் இன்னும் குறைப்பார். ஒரு கைப்பிடிப் பருப்பு, ஒரு கிண்ணம் தயிர், ஒரு முட்டை எல்லாம் அந்த வரம்புக்குள் அடங்கும். டயாலிஸிஸ் தொடங்கியதும் சாஸ்திரம் தலைகீழாகிறது. யந்திரம் குப்பையோடு புரதச்சத்தையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போய்விடுவதால், அதே மனிதர் 60 முதல் 72 கிராம் வரை உண்டாக வேண்டும். இது தெரியாமல் பழைய காகிதத்தையே சுவரில் வைத்துக்கொண்டு, வாரம் மூன்று முறை டயாலிஸிஸுக்குப் போய்வரும் மனிதருக்கு வீட்டில் வெறும் கஞ்சி ஊற்றுகிற அன்பு இருக்கிறதே, அதைக்காட்டிலும் கொடிய அன்பு வேறில்லை. முட்டை உண்கிறவர்களுக்கு வெள்ளைக்கரு வெகு அனுகூலம்: புரதம் உண்டு, பாஸ்பரஸ் சொற்பம்.

தண்ணீர் விஷயமும் ஆளுக்கு ஆள் மாறும். சிறுநீர் குறைந்து, உடலில் நீர் கோத்துக்கொள்ளும் நிலையில், முந்தின நாள் கழிந்த சிறுநீரின் அளவோடு அரை லிட்டர் சேர்த்து அருந்தலாம் என்பது வழக்கமான கணக்கு. காப்பியும் மோரும் ரஸமும் கஞ்சியும் அந்தக் கணக்கில் சேர்ந்தவையே என்பதை மறப்பதால் வருவது கால் வீக்கம். சென்னைக் கோடையில் இது பெரிய தவந்தான். உப்பைக் குறைத்தவருக்குத் தாகமும் குறையும் என்பது ஒரு ஆறுதல்.

வியாதி முற்றுமுன்னே கண்டுகொள்ள என்ன வழி என்று கேட்கலாம். லண்டனில் ரிச்சர்டு பிரைட் என்ற வைத்தியர் 1827-லேயே வழி காட்டினார். நோயாளியின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவத்திச் சுடரில் காட்டுவார். முட்டையின் வெள்ளை போல் திரிந்தால் புரதம் ஒழுகுகிறது, சிறுநீரகம் பழுது என்று அர்த்தம். நம் சென்னையில் டாக்டர் எம்.கே. மணி இந்த எளிய தத்துவத்தையே கிராமங்களுக்குக் கொண்டு போனார். கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் என்ற தர்ம ஸ்தாபனத்தின் மூலம், பள்ளிப் படிப்பு மாத்திரம் படித்த பெண்களைப் பழக்கி, சென்னையை அடுத்த கிராமங்களில் சுமார் 25,000 ஜனங்களிடையே வீடு வீடாக அனுப்பினார். சிறுநீரில் ஓர் அமிலத்தை விட்டுப் புரதம் பார்ப்பது, சர்க்கரை பார்ப்பது, ரத்தக் கொதிப்பு அளப்பது, கோளாறு கண்டால் மிக மலிவான பழைய மருந்துகளையே கொடுத்து அடக்குவது: இதுவே திட்டம். கிராமத்தில் நடந்த இந்தக் காரியம், ஆஸ்பத்திரிகள் மலிந்த குரோம்பேட்டையில் பல வீடுகளில் நடப்பதில்லை என்பது நம் மனத்தை உறுத்துகிறது.

நாலு மாதம் கழித்து மறுபடியும் சேலையூர் போனோம். நண்பருக்கு 4 கிலோ கூடியிருந்தது. ஆஸ்பத்திரியில் ஆகார நிபுணராக இருக்கும் அம்மையார் ஒருவர், அவருடைய ரத்தப் பரிசோதனையை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் வீட்டு அம்மாளோடு பேசினாராம். கணக்கு உபாத்தியாயர் அல்லவா! வீட்டில் நாலு பேர். நாளொன்றுக்குத் தலைக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேற்படக்கூடாது. கண்ணுக்குத் தெரியாத உப்புக்கு ஒரு தேக்கரண்டி கழித்துவிடு என்று போட்டு, தினம் காலையில் மூன்று தேக்கரண்டி உப்பை ஒரு சிறு டப்பாவில் எடுத்து வைத்துவிடுகிறார். அன்றைக்கு வீடு முழுவதற்கும் அவ்வளவுதான். தீர்ந்தால் தீர்ந்தது.

இம்முறை எல்லாருக்கும் ஒரே வரிசையில் இலை. வடித்த சோறு, பாசிப்பருப்புப் போட்ட சுரைக்காய்க் கூட்டு, மிளகு தூக்கலாக எலுமிச்சை ரஸம், தாளித்த முட்டைக்கோஸ், ஒரு சின்னக் கிண்ணத்தில் தயிர். முதல் கவளம் நமக்குச் சற்றுச் சப்பென்றுதான் இருந்தது. மூன்றாவது கவளத்தில் மறந்துவிட்டோம். நண்பர் கூட்டை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். முதல் மாதம் முகத்தைச் சுளித்த பேரன், போன வாரம் ஹோட்டலில் சாம்பார் உப்புக் கரிக்கிறது என்று இலையை மடித்துவிட்டானாம்.

தயிர் சாதத்துக்கு வந்ததும் பழக்க தோஷத்தால் வடுமாங்காய் இருக்கிறதா என்று கேட்டுவிட்டோம். அம்மாள் சிரித்தார். ஜாடி அடுத்த வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறதாம். கை கழுவப் போகையில் சமையலறைச் சுவரைப் பார்த்தோம். பழைய காகிதத்தைக் காணோம். அந்த இடத்தில், அடுத்த ரத்தப் பரிசோதனைக்குரிய தேதியைக் குறித்து ஒரு சீட்டு ஒட்டியிருந்தது.